கழற்றும் மூட்டு யார் கைக்குப் போகும்?

என் வலது இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு ஆறாவது வருடம் கெட்டுப்போனது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்கு நடத்தித் தந்த வக்கீல் அலுவலகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாலரை வருடம் அவர்களோடு பழகியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் கிடைத்த தொகையையும் வெளியே சொல்லமாட்டேன் என்று சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வக்கீல் அலுவலகத்தின் பெயரைப் போட்டால் எந்த வழக்கு என்று தெரிந்துவிடும், அதனால் அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் அவர்கள் எதை எப்படிச் செய்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இதே நிலையில் வக்கீல் தேடிக்கொண்டிருப்பவருக்குப் பெயரைவிட அதுதான் உதவும்.

நாற்பது வருடம் லேத் முன்னால் நின்றவன் நான். ஷாஃப்டும் புஷ்ஷும் எப்படித் தேயும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு வைத்தது உலோகக் கிண்ணத்துக்குள் உலோக உருண்டை சுழலும் வகை. இரண்டுமே கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம். நடுவில் உடம்பின் நீர் மெல்லிய படலமாக நிற்கும்வரை கவலை இல்லை. கிண்ணம் சாய்ந்து, உருண்டை அதன் ஓரத்தில் அழுந்த ஆரம்பித்தால் படலம் அறுந்துவிடும். அப்புறம் உலோகமும் உலோகமும் நேராக உரசும், தூள் வரும். மெஷினில் என்றால் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவோம். உடம்பில் அந்தத் தூள் சுற்றியுள்ள சதையில் படியும், ரத்தத்தில் கலக்கும்.

எனக்கு முதலில் தொடை இடுக்கில் வலி. பிறகு மாடிப்படி ஏறும்போது உள்ளே ஒரு சத்தம். ரத்தத்தில் கோபால்ட் எவ்வளவு என்று டாக்டர் பார்க்கச் சொன்னார். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் ஒரு வரம்பு வைத்தது. எனக்கு 31 இருந்தது. மூட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றார்கள்.

வக்கீல் தேட ஆரம்பித்தபோது முதலில் விளம்பரத்தில் பார்த்த ஓர் எண்ணுக்குத்தான் பேசினேன். பேசியவர் என் பெயர், வயது, தொலைபேசி எண் இவற்றோடு நிறுத்திக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஒப்பந்தப் படிவம் வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்கள். உங்கள் வக்கீல் யார் என்று கேட்டேன், பதில் இல்லை. அது வக்கீல் அலுவலகமே அல்ல, ஆள் பிடித்து வக்கீல்களுக்குக் கைமாற்றிவிடும் இடம் என்று பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடவில்லை. பிசியோதெரபிக்கு வந்த இன்னொருவர், மருந்தாலும் மருத்துவப் பொருளாலும் பாதிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மட்டுமே எடுக்கும் இந்த அலுவலகத்தைச் சொன்னார்.

முதல் நாள் ஒரு இளம் வக்கீல் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். என் மகள் வயது இருக்கும். ஒன்றரை மணி நேரம் கேட்டார். முதல் ஆபரேஷன் தேதி. வலி தொடங்கிய மாதம். அது மூட்டினால் வந்த வலி என்று டாக்டர் எந்தத் தேதியில், எந்தச் சொல்லில் சொன்னார். அப்புறம், "சார், மூட்டுப் பெட்டியில் இருந்த ஸ்டிக்கர் உங்களிடம் இருக்கிறதா?" என்றார்.

ஆபரேஷன் செய்யும்போது மூட்டின் ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலிருந்தும் ஒரு ஸ்டிக்கரை உரித்து நோயாளியின் கேஸ் ஃபைலில் ஒட்டுவார்கள். அதில் தயாரிப்பு எண்ணும், எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டும் லாட் எண்ணும் இருக்கும். என் மனைவி டிஸ்சார்ஜ் நாளன்று அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. "பாதிப் பேரிடம் இது இருக்காது சார்" என்றார். அந்த நன்றி என் மனைவிக்குத்தான் சேர வேண்டும்.

பிறகு மூத்த வக்கீல் அம்மா உள்ளே கூப்பிட்டார். இழப்பீடு, தொகை எதையும் அவர் பேசவில்லை. "ஐயா, அடுத்த ஆபரேஷன் எப்போது? கழற்றும் மூட்டு யார் கைக்குப் போகும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதுவரை யோசித்ததுகூட இல்லை.

நான் இந்த அலுவலகத்தை நம்பியது அந்தக் கேள்வியால்தான். பட்டறையில் ஒரு பேரிங் உடைந்தால் முதலில் உடைந்ததை எடுத்து வைப்போம். அதைப் பார்க்காமல் ஏன் உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கிலும் அப்படித்தானாம். ஆனால் மருத்துவமனைகள் கழற்றியதைக் கழிவோடு போட்டுவிடலாம். தயாரித்த நிறுவனமே பரிசோதிக்கிறோம் என்று வாங்கிக்கொண்டு போகவும் கூடும். எனக்கு வந்திருந்த கடிதமே அப்படிப்பட்டதுதான். பரிசோதனைச் செலவையும் ஆபரேஷன் செலவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்பாக எழுதி, கூடவே ஒரு படிவம் வைத்திருந்தார்கள். என் மருத்துவ ஆவணங்கள் எல்லாவற்றையும் பார்க்கவும், கழற்றிய மூட்டை எடுத்துக்கொள்ளவும் அனுமதி கேட்கும் படிவம். நான் போட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். வக்கீல் அம்மா அதை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, செலவை வேறு வழியில் கேட்கலாம், மூட்டைக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது என்றார்.

மருத்துவமனைக்கு அவர்கள் எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். கழற்றிய பாகங்களைச் சுரண்டக் கூடாது, கிருமிநீக்கம் மட்டும் செய்ய வேண்டும், உருண்டையும் கிண்ணமும் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனிப் பையில் வைக்க வேண்டும், யாரிடமிருந்து யாருக்கு எந்த மணிக்குக் கைமாறியது என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல இன்ஸ்பெக்டர் ஒரு வேலைப்பொருளை எப்படிக் கையாளுவாரோ அப்படி எழுதியிருந்தார்கள். ஆபரேஷன் நாளன்று அந்த இளம் வக்கீலே வந்து நின்று வாங்கிப்போனார்.

இதில் குற்றம் யாருடையது என்பதைப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. பொருளின் வடிவமைப்பே தவறாக இருக்கலாம். வடிவமைப்பு சரியாக இருந்து, அந்த லாட் தயாரிப்பில் கோளாறு இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும், தெரிந்த ஆபத்தை டாக்டரிடம் நிறுவனம் சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த மூன்றும் நிறுவனத்தின் மீதான வழக்கு. கிண்ணத்தை டாக்டர் தவறான கோணத்தில் வைத்திருந்தால் அது வேறு வழக்கு. நிறுவனத்தின் வக்கீல்கள் முதலில் கையில் எடுப்பதும் அந்தக் கோணத்தைத்தான், பழியை டாக்டர் மேல் தள்ளிவிட. என் எக்ஸ்ரேயை வைத்து, அளவுகோலால் கோட்டைப் போட்டு, கோணம் சரியான எல்லைக்குள் இருப்பதை எனக்கே காட்டினார்கள். டாக்டர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றுதான் தீர்ந்தது. வக்கீல் அலுவலகத்தில் அது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இது என் ஒருவனுக்கு வந்த விதி அல்ல என்பதும் அங்கேதான் புரிந்தது. ஏஎஸ்ஆர் என்ற மூட்டைப் பற்றி அந்த அம்மா சொன்னார் (என்னுடையது அது அல்ல). ஜான்சன் அண்டு ஜான்சனின் டெப்யூ நிறுவனம் செய்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. வைத்த ஐந்தே வருடத்தில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டதை இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேடு காட்டியது. யாருக்கு எந்த மூட்டு வைத்தோம், எப்போது கழற்றினோம் என்று நாடு முழுவதும் எழுதி வைத்ததால்தான் அது வெளியே தெரிந்தது. அமெரிக்காவில் அதை விற்க அனுமதித்தபோது மனிதர்களிடம் புதிதாகச் சோதித்துக் காட்டச் சொல்லவில்லை. ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு நிகரானது என்று காட்டினால் போதும் என்ற வழியில் அனுமதி கிடைத்தது. இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. புது டிசைன் ஒன்றைப் பழைய டிராயிங்கின் பெயரில் பாஸ் செய்ய எந்தப் பட்டறையிலும் விடமாட்டோம்.

அதே ஏஎஸ்ஆருக்கு, அமெரிக்காவில் 2013 நவம்பரில் சுமார் 8,000 பேருக்காக 250 கோடி டாலர் அளவில் சமரசம் பேசினார்கள். இந்தியாவில் இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை அரசு ஏற்றதே 2018இல்தான். அதே உலோகம், அதே வலி. எந்த நாட்டில் ஆபரேஷன் நடந்தது என்பதைப் பொறுத்து நியாயம் கிடைக்கும் வருடம் மாறுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காலவரம்பைப் பற்றி இந்த அலுவலகம் காட்டிய கண்டிப்பையும் சொல்ல வேண்டும். பாதிப்பும் அதற்குக் காரணமும் தெரிந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பது பல நாடுகளில் உள்ள முறை. ஐரோப்பாவில் 1985இல் கொண்டுவந்த பொருள் பொறுப்பு விதிப்படி, தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். ஆனால் பொருள் சந்தைக்கு வந்து பத்து வருடம் தாண்டிவிட்டால் உரிமையே போய்விடும். பதினோராவது வருடம் தேயும் மூட்டுக்கு என்ன செய்வது? மெதுவாக வெளிப்படும் பாதிப்புகளுக்கு அந்தப் பத்தை 25 வருடமாக நீட்டி 2024இல் புதிய விதி போட்டிருக்கிறார்கள், அதுவும் 2026 டிசம்பர் 9க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்குத்தான். இந்தியாவில் நுகர்வோர் சட்டப்படி இரண்டு வருடம். "டாக்டர் எந்தத் தேதியில் சொன்னார்" என்று அந்தப் பெண் அவ்வளவு துருவிக் கேட்டதன் காரணம் இதுதான். என் காலவரம்பு முடியும் தேதியை ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்கள்.

காத்திருக்கும் அறையில் மருந்து வழக்குக்காரர்களும் வருவார்கள். மூட்டு என்றால் கையில் பிடிக்க ஒரு பொருள் இருக்கிறது. மருந்து கரைந்து போய்விடுகிறது. அவர்களுக்குச் சாட்சி என்பது மருந்துச் சீட்டும் பில்லும் காலி அட்டையும்தான். வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து எடுத்தது, மாரடைப்பு ஆபத்தால். 2007இல் 485 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டபோது வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள்: மாரடைப்போ பக்கவாதமோ வந்ததற்கு ஆவணம் வேண்டும், குறைந்தது 30 மாத்திரைகள் வாங்கியதற்குச் சான்று வேண்டும், மாத்திரை சாப்பிட்ட 14 நாட்களுக்குள் அது நடந்திருக்க வேண்டும். பில்லைத் தூக்கிப் போட்டவர் இதில் எப்படி நிரூபிப்பார்? மாத்திரை அட்டையில் உள்ள கம்பெனிப் பெயரும் முக்கியம். அமெரிக்காவில், பக்கவிளைவை எச்சரிக்கவில்லை என்று அசல் மருந்துக் கம்பெனி மீது வழக்குப் போடலாம், அதே மருந்தை ஜெனெரிக்காக, அதாவது அசலின் காப்புரிமை முடிந்த பிறகு நகலாகச் செய்தவர் மீது போட முடியாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரே மருந்து, ஒரே பாதிப்பு, அட்டை மட்டும் வேறு.

ஒரு நாள் ஒரு பெரியவரிடம், உங்கள் வழக்கை எடுக்க முடியாது என்று அந்த அம்மா சொல்வதைக் கேட்டேன். காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். எழுத்திலும் கொடுத்தார். இன்னொரு வக்கீலையும் பார்த்துக் கேளுங்கள், ஆனால் இந்தத் தேதிக்குள் பாருங்கள் என்று சீட்டில் தேதி எழுதித் தந்தார். வருகிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் இடமாக இருந்திருந்தால் நான் பயந்திருப்பேன். அமெரிக்காவில் கருப்பை போன்ற உறுப்புகள் இறங்காமல் தாங்க உடம்புக்குள் மெஷ் வலை வைத்த பெண்கள் பலரை, வழக்கின் மதிப்பு கூடும் என்பதற்காகவே தேவையில்லாத ஆபரேஷனுக்குத் தள்ளிய தரகர்களைப் பற்றி 2018இல் செய்தி வந்தது. உதவி என்ற பெயரில் அதுவும் நடக்கிறது. இவர்கள் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது டாக்டர் முடிவு என்று விலகிவிட்டார்கள்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. மூட்டை வாங்கிப் பூட்டி வைத்த பிறகு, பதினாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. நானாகக் கூப்பிட்டால், நடந்துகொண்டிருக்கிறது என்பார்கள். எங்களைப் போன்ற நூற்றுக்கணக்கானோர் வழக்குகளைச் சேர்த்து, முதலில் சிலருடையதை விசாரித்துப் பார்ப்பார்கள், அதன் முடிவைப் பார்த்து மற்றவற்றுக்குப் பேச்சு நடக்கும், அதற்கு நாளாகும். இதை அவர்கள் முதல் மாதமே விளக்கியிருந்தால் நான் அத்தனை இரவு விழித்திருக்கமாட்டேன். அந்த இளம் வக்கீல் நடுவில் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் இரண்டு பேர் மாறினார்கள். ஒரே கேள்வித்தாளை இரண்டு முறை நிரப்பினேன். ஒரு கடிதத்தில் இடது இடுப்பு என்று அடித்திருந்தார்கள். என் மனைவி பார்த்துச் சொல்லித்தான் திருத்தினார்கள். உடம்பில் ஆறங்குலத் தழும்போடு இருப்பவனுக்கு அந்தத் தவறு தட்டச்சுப் பிழையாகத் தெரியாது. அதை அவர்களிடம் நேராகவே சொன்னேன், மன்னிப்புக் கேட்டார்கள்.

கட்டண விஷயத்தில் இன்னும் தெளிவு வேண்டும். வென்றால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றும் இல்லை என்பது ஒப்பந்தம். (எல்லா நாட்டிலும் இப்படிப் பேச முடியாது. இந்தியாவில் வக்கீல்கள் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது.) சரி, அது புரிந்தது. ஆனால் ஆய்வுக்கூடச் செலவும் நிபுணர் கட்டணமும் தனி. அதை மொத்தத் தொகையில் முதலில் கழித்துவிட்டுப் பங்கு போடுவதா, பங்கு போட்ட பிறகு என் பாகத்தில் கழிப்பதா என்பதில் பெரிய வித்தியாசம் வருகிறது. ஒப்பந்தத்தில் பின்னதுதான் எழுதியிருந்தது. நான் கேட்கவில்லை, அவர்களும் எடுத்துச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் தன் பணத்தை அதிலிருந்து திரும்பக் கேட்டது. அதை அலுவலகம் பேசிக் குறைத்தது, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் மிகச் சிறப்பாகச் செய்த இன்னொன்று, வாக்குமூலத்துக்கு என்னைத் தயார்செய்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து மணி நேரம் கேட்டார். பட்டறையில் எவ்வளவு எடை தூக்கினாய், எத்தனை மணி நேரம் நின்றாய், டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னபோது எடுத்தாயா. என் உழைப்பையே குற்றமாக்கப் பார்த்தார். "தெரிந்ததைச் சொல்லுங்கள் ஐயா, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், கோபம் வந்தால் தண்ணீர் கேளுங்கள்" என்று அம்மா சொல்லியிருந்தார். நாலு முறை தண்ணீர் கேட்டேன்.

சமரசத் தொகைக்கு ஓர் அட்டவணை இருந்தது. எத்தனை ஆபரேஷன், என்னென்ன சிக்கல் என்று கூட்டல்கள். வயதுக்குக் கழித்தல். அறுபத்தைந்தைத் தாண்டியவனின் கால் விலை குறைவாம். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க என்னையும் என் மனைவியையும் இரண்டு முறை உட்காரவைத்துப் பேசினார்கள். மறுத்தால் என்ன ஆகலாம், எத்தனை வருடம் ஆகலாம், ஒன்றுமே கிடைக்காமல் போகவும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட அவசரப்படுத்தவில்லை. நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

எல்லாம் முடிந்த பிறகு, என் மூட்டு எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் ஒரு கடிதம் எழுதி, ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கித் தந்தார்கள். கைமாறிய பட்டியலில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. வீட்டுக்கு வந்து, பழைய லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். உருண்டை பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் பிறை போல ஒரு மங்கல். நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. நிபுணர் அறிக்கையில் அதன் ஆழத்தை மைக்ரான் கணக்கில் போட்டிருந்தார்கள். மைக்ரான் எவ்வளவு சிறியது என்று என் மனைவி கேட்டாள். அவள் தலைமுடி ஒன்றை வாங்கி அந்தப் பிறையின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.